படத்தை ஓட்டுங்கள், விரட்டாதீர்கள்

மௌனப்படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் திரையிடலில் 'பேக் ஸ்டேஜ்' பார்த்தேன். ரோஸ்கோ ஆர்பக்கிள் இயக்கி நடித்து 1919-இல் வந்த இரண்டு ரீல் நகைச்சுவைப் படம். கூடவே இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டனும் உண்டு. ஊர் ஊராகச் சுற்றும் நாடகக்காரர்கள் வந்திறங்கும் ஒரு அரங்கம், அங்கே தட்டி தூக்கும் மேடை ஆட்கள், இவ்வளவுதான் களம். எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆனால் அன்றைக்கு அரங்கில் சிரிப்பே எழவில்லை. அந்தப் பழி படத்தின் மேல் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த மடல்.

படம் தொடங்கும்போது ஆர்பக்கிள் ஓர் அறையில் இருப்பார். பார்த்தால் சாதாரண வீட்டு அறை. திடீரென்று சுவரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். அட, இது மேடை! அதை வீடு என்று நாம் நம்புவதற்குச் சில நொடிகள் வேண்டும். அன்று நான் நம்பி முடிப்பதற்குள் சுவர் போய்விட்டது.

காரணம் வேகம். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள். விநாடிக்கு இத்தனை பிரேம், அதாவது இத்தனை தனிப்படங்கள், என்ற ஒரே கணக்கு கிடையாது; பதினாறும் உண்டு, இருபதுக்கு மேலும் உண்டு. 24 என்பது பேசும்படம் வந்தபின் நிலைத்த கணக்கு. 18 பிரேமில் ஓட வேண்டிய 24 நிமிடப் படத்தை 24 பிரேமில் விட்டால் 18 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் மிச்சம், சரி. ஆனால் மனிதர்கள் எல்லாம் கொதிக்கிற எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி துள்ளுவார்கள். துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்து, திரையில் வேகமாக ஓடவைத்ததும் உண்டுதான். அதனால் எல்லாவற்றையும் நிதானமாக்குங்கள் என்று கேட்கவில்லை. திரையிடுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து, நடப்பவர் நடப்பது போலிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதே படத்தில் மேடையில் ஒரு வீட்டு முகப்புத் தட்டி ஆர்பக்கிள் மேல் சாயும். சன்னல் திறப்பு சரியாக அவர் நிற்குமிடத்தில் விழ, ஒன்றும் ஆகாமல் நிற்பார். கீட்டன் இந்த வித்தையை 1920-இல் ஒருமுறை செய்தார். 1928-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் கனமான முகப்பையே தன்மேல் சாயவிட்டார். சிரிப்பு வருவது சுவர் சாய்கிற நேரத்திலும், அது விழுந்தபின் அவர் அசையாமல் நிற்கிற நேரத்திலும். அந்த நேரத்தைக் கீட்டன் கற்றது மேடையில்தான். ஊர் ஊராகப் போன நாடகக் குடும்பத்தில் 1895-இல் பிறந்து, விவரம் தெரியாத வயதிலேயே மேடை வேடிக்கையின் பகுதியாகத் தந்தையால் தூக்கி எறியப்பட்டவர். அவர் எண்ணி வைத்த நொடிகளை நாம் விழுங்கிவிடுகிறோம்.

இன்னொன்று, போஸ்டர் காட்சி. ஒட்டிய போஸ்டரின் பாதியைச் சறுக்குக் கதவு மறைத்ததும், சலவைக்காரியாக நடிக்கவிருக்கும் நடிகை ஆடை களையப் போகிறாள் என்று வாசகம் மாறிவிடும். ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்த குறும்பு. அன்று என் பக்கத்து இருக்கைக்காரர் "என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் காட்சி தாண்டிவிட்டது. நுழைவாயிலில் ஒரு தாளில் நாலு வரி தமிழில் கொடுத்திருக்கலாம்.

இசையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரே பியானோத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதற்குப் பதில் நிசப்தமே மேல். வாசிக்க ஒருவர் கிடைத்தால் படத்தை முன்கூட்டியே அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அந்த நாலு வரித் தாளை எழுதித்தர நான் தயார். படத்தின் பெயரை ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

அன்புடன்,
மூன்றாவது வரிசைப் பார்வையாளன்