குக்கர் செய்பவர்களே, காரணத்தையும் சேர்த்து அச்சடியுங்கள்

பிரஷர் குக்கர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

போன மாதம் அத்தை வீட்டுக் குக்கருக்குக் கேஸ்கட் மாற்றலாம் என்று மூடியைத் திருப்பியதும் எனக்குப் பகீரென்றது. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு போல்ட்டை விட்டு நட்டுப் போட்டு முறுக்கியிருந்தது. முன்பு ஒருநாள் வால்வு பிய்த்துக்கொண்டு ஆவியும் பருப்பும் பீய்ச்சி அடித்ததாம், "குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர் "இனிமே அந்தத் தொல்லையே இல்லக்கா" என்று இதைப் போட்டுக் கொடுத்தாராம். நாலு மாதமாக அதில்தான் தினமும் சமையல். எனக்கு அத்தை மேல் கோபமில்லை, அந்த ரிப்பேர்காரர் மேலும் இல்லை. அந்தச் சின்ன வால்வு எதற்காக அங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே யாரும் சொன்னதில்லை.

கையேட்டை அத்தை கேஸ் புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். இதைச் செய்யாதீர், அதைச் செய்யாதீர் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, தமிழ்ப் பகுதி மட்டும் பொடி எழுத்தில். ஏன் என்பது ஓரிடத்திலும் இல்லை. அதைத்தான் எழுதச் சொல்லிக் கேட்கிறேன்.

விசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஏழு என்று நம் வீடுகளில் சமையல் கணக்கே விசிலில்தான் ஓடுகிறது. ஆனால் விசில் எதையும் வெந்துவிட்டது என்று சொல்வதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி அந்த வெயிட்டைத் தூக்கும் அளவுக்கு வந்ததும் கொஞ்சம் ஆவி வெளியே போகிறது, அழுத்தம் இறங்கியதும் வெயிட் மறுபடி உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை போகும், அதனால்தான் சீக்கிரம் வேகிறது. (ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாததற்கும் இதே காரணம்தான், அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.) முதல் விசில் வந்தபிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் உள்ளே சூடு கூடப்போவதில்லை, ஆவியும் கேஸும்தான் வீணாகும். சிம்மில் வைத்து நிமிடக் கணக்குப் பார்த்தால் போதும். பெரிய பர்னரில் நாலு விசில் என்பதும் சின்ன பர்னரில் நாலு விசில் என்பதும் ஒரே நேரமே இல்லை. நிமிடக் கணக்கை நீங்களும் அட்டவணையாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் ஏன் விசிலை நம்பக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யாராவது அந்த அட்டவணையைப் பார்த்திருப்பார்கள்.

அப்புறம், ஆவி நன்றாக வந்தபிறகுதான் வெயிட் போட வேண்டும் என்கிறீர்கள். அவசரத்தில் முதலிலேயே போட்டுவிடுகிறோம். உள்ளே இருக்கும் காற்று வெளியேறத்தான் அந்த நேரம், அதைவிட முக்கியமாக, வெயிட் உட்காரும் குழாயில் அடைப்பு இல்லை என்பதற்கு அந்த ஆவிதான் சாட்சி. துவரம்பருப்பு பொங்கி நுரைத்து அந்தக் குழாயில்தான் போய் ஒட்டும், பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்பது அதற்காகத்தான். குழாய் அடைத்துக்கொண்டாலோ அடியில் தண்ணீர் வற்றிவிட்டாலோ கடைசியாக நம்மைக் காப்பாற்றுவது அந்த சேஃப்டி வால்வு. அதன் நடுவில் இருக்கும் உலோகம் மற்ற உலோகங்களைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி வழி விடும். அது போனால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியம் அத்தைக்குத் தெரிந்திருந்தால் அந்த போல்ட் அங்கே ஏறியிருக்காது.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எலும்பையே மெத்தென்று ஆக்கும் பாத்திரத்தைச் செய்து காட்டினார், எடை வைத்து அழுத்திய வால்வு அவர் காலத்திலேயே வந்துவிட்டது. நம் அடுப்பில் ஆடும் வெயிட் அதன் வாரிசுதான்.

காரணம் தெரிந்தால் நம் வீட்டுப் பெண்கள் தாங்களாகவே வழி கண்டுபிடிப்பார்கள். அலுமினியக் குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டால் உள்பக்கம் கறுக்காது என்று எந்தக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்? உப்புத் தண்ணீர் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், புளிப்பு அதைத் தடுக்கும். கையும் கண்ணும் கண்டுபிடித்தது அது. அழுத்தம் விஷயத்தில் மட்டும் அப்படிச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள விடமுடியாது.

அத்தைக்குப் புது வால்வு வாங்கி மாட்டிவிட்டேன். விரல் நகம் அளவு சாமான், சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் வந்தது. அதன் மேல் மாடல் நம்பர், விலை, பார்கோடு எல்லாம் இருக்கிறது, தமிழில் ஒரு எழுத்து இல்லை. அங்கே இடம் இருக்கிறது, இரண்டு வரிக்குத் தாராளமாக இருக்கிறது. "தண்ணீர் வற்றினால் இது உருகி உங்களைக் காப்பாற்றும். போனால் இதேபோல் புதிது மட்டுமே மாட்டுங்கள், வேறு எதையும் வைத்து அடைக்காதீர்கள்" என்று அச்சடியுங்கள்.