சாவி உங்கள் கையில் இருக்கட்டும், அண்ணாச்சி

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போட்டு விற்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊர்ப் பெண். சென்னையில் 9 வருஷமாகத் தேடுபொறி வேலை பார்க்கிறேன். கூகுளில் தேடுகிறவர் கண்ணில் ஒரு கடை படும்படி செய்வதுதான் என் தொழில். ‘எஸ்.இ.ஓ. பண்ணித் தர்றோம்’ என்று உங்களுக்குப் போன் வருகிறதே, அதே வேலை. அந்தப் போன்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

போன பொங்கலுக்கு வந்தபோது என் தாய்மாமா கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மாமா பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்து ஒடித்துப் பார்ப்பார். சடக்கென்று ஒடிந்தால்தான் கடலையைக் கொட்டுவார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ‘சார், உங்க கடையக் கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம், கேரண்டி.’ மாமா போனைப் பொத்திக்கொண்டு, “தாயி, இவன் சொல்றது நெசமா?” என்றார்.

நெசமில்லை. அந்த இடத்துக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. கூகுளே இதைத் தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்று குறித்து வருகிற வரிகளுக்கு மட்டும்தான் காசு. அவற்றுக்குக் கீழே வருகிற பட்டியலில் இடம் பிடிக்கக் கூகுளுக்கு யாரும் பணம் கட்ட முடியாது.

மாமா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு போனை நம்பி 35,000 ரூபாய் கொடுத்திருந்தார். இணையதளம் வந்தது. அடுத்த வருஷம் அவர்கள் கேட்ட தொகையைக் கட்டவில்லை, தளம் காணாமல் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தால், தளத்தின் பெயரையே அந்தக் கம்பெனி தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கணக்கும் அவர்கள் மின்னஞ்சலில்தான் இருந்தது. 200-க்கு மேல் ரிவ்யூ விழுந்த கணக்கு அது. கடைக்கு விடுமுறை என்று ஒரு வரி போடக்கூட மாமாவால் முடியவில்லை. தன் கடைச் சாவியைத் தானே விலை கொடுத்து வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது அந்த மனுஷர் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

மேப் கணக்கை மீட்டுவிட்டோம். உரிமை கேட்டு விண்ணப்பிக்கக் கூகுளிலேயே வழி இருக்கிறது. மாமா மகன் தெருவில் தொடங்கி, கடைப் பலகை, உள்ளே அடுப்பு, கல்லா வரைக்கும் ஒரே மூச்சில் போனில் வீடியோ எடுத்து அனுப்பினான். அந்தப் பழைய இணையப் பெயர் மட்டும் திரும்பவே இல்லை.

மேப் கணக்குக்குப் பைசா செலவில்லை. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்றார்கள், இப்போது பிசினஸ் ப்ரொஃபைல். அதை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறந்து உரிமையாளராக நீங்கள் இருங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் அவரை ‘மேனேஜர்’ என்று சேர்த்தால் போதும், அன்றாட வேலை எல்லாம் பார்க்கலாம். பிடிக்காத அன்றைக்கு நீக்கிவிடலாம். இணையப் பெயரை வாங்கும்போதும் பில்லில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமாவிடம் இருந்த பழைய பில்லைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ‘கீவேர்ட் டேக்’ என்று ஒரு வரி போட்டுத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேடுசொற்களை எழுதி வைப்பதுதான் அது. அந்த டேக்கைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. கடைப் பெயரோடு ‘பெஸ்ட் கடலைமிட்டாய் ஷாப் கோவில்பட்டி’ என்றும் ஒட்டியிருந்தார்கள். பலகையில் என்ன பெயரோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும், மீறினால் கணக்கையே முடக்கலாம். தளத்தில் இருந்த படம் நம் மிட்டாயே இல்லை. எங்கிருந்தோ எடுத்த எள்ளுருண்டை.

விளம்பரத்துக்கும் தனியாகச் செலவழித்திருந்தார்கள். அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ‘கடலைமிட்டாய் செய்வது எப்படி’ என்று தேடியவர்கள் தட்டிய தட்டுக்கெல்லாம் மாமா காசு கொடுத்திருக்கிறார். வீட்டில் செய்யப் போகிறவர் எதற்கு மிட்டாய் வாங்குகிறார்? அந்த மாதிரிச் சொற்களுக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று ஒதுக்கி வைக்கப் பத்து நிமிஷம் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படி இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர் முதல் இடம் என்று பேச மாட்டார், மாதக்கணக்கில் ஆகும் என்பார். கூகுளில் என்ன தேடி உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பதை சர்ச் கன்சோல் என்கிற கூகுள் கருவியில் காட்டுவார். அதுவும் இலவசம்தான். அவரிடம் கேட்டு நீங்களே பார்க்கலாம்.

போன் பண்ணுகிற கம்பெனிகளிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. 2020-இல் நம் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று ஊர் ஊராக எல்லாரும் சொல்கிறார்கள். உங்கள் தளத்தில் மட்டும் அது இல்லை, ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று இருக்கிறது. தேடுகிறவர் கேட்பது வேறு. வெல்லமா, சீனியா? எத்தனை நாள் நமுத்துப் போகாமல் இருக்கும்? பெங்களூருக்குப் பார்சல் உண்டா, ஒரு கிலோவுக்கு என்ன ஆகும்? கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவை வாயால் சொல்லும் பதில்தான், அண்ணாச்சி. அதை உங்கள் பேச்சிலேயே தமிழில் எழுதுங்கள், இங்கிலீஷிலும் ஒரு பக்கம் போடுங்கள். வடக்கே இருப்பவர் ‘சிக்கி’ என்றுதான் தேடுவார், அந்தச் சொல்லும் ஓரிடத்தில் வரட்டும். படம் உங்கள் அடுப்படியில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பேர் வாங்கியிருக்கிறது என்பது. தூரத்தை யாரும் மாற்ற முடியாது, வேளச்சேரியில் ‘கடலைமிட்டாய் கடை’ என்று தேடுபவர் மேப்பில் நாம் வரமாட்டோம். ஆனால் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கரச் சாலையில் காரில் போகிறவர் இங்கே நெருங்கும்போது தேடுவார். அவருக்கு, மேப்பில் கடையைக் குறிக்கும் ஊசி சரியான வாசலில் குத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்பதும் சரியாக இருக்க வேண்டும். ‘திறந்திருக்கிறது’ என்று காட்டியதை நம்பி வந்து ஷட்டரைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம்தான் போடுவார்.

ரிவ்யூவைக் காசுக்கு வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு பாக்கெட் இலவசம் என்பதும் கூகுள் விதிக்கு விரோதம்தான். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமே ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது. பார்சல் கட்டும்போது ‘பிடிச்சிருந்தா ரெண்டு வரி எழுதுங்க’ என்று சொன்னால் போதும். குறை எழுதினவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள், அதைப் படிக்கிறவர் நிறையப் பேர்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு கடையின் மேப் கணக்கும் யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்கிற கடைகளை எழுதி வையுங்கள். பங்குனியில் செண்பகவல்லி அம்மன் கோவில் திருவிழாவுக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன். கடைப் போன், ஜி.எஸ்.டி. சான்றிதழ், கரண்ட் பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாமா கடைக்கு வாருங்கள். காசு எதுவும் வேண்டாம். காலை 7 மணிக்கு முதல் பாகு இறங்கிவிடும், அதற்கப்புறம் எந்நேரமும் வரலாம்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பெண்