எங்கள் பிள்ளைகளுக்குக் கடலைப் பழக்கிவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் பாலர் பள்ளியின் கே2 (ஆறு வயதுப் பிள்ளைகளின்) தமிழ் வகுப்பில் கடந்த இரண்டு தவணைகளாகக் கடலைப் பற்றித்தான் பேசினோம், வரைந்தோம், பாடினோம். சென்ற வாரம் பிள்ளைகளின் சின்னக் கண்காட்சியோடு அது நிறைவடைந்தது. உதவியவர்களுக்கு அன்று மேடையில் ஒரு வரி நன்றி சொல்லத்தான் நேரம் இருந்தது. அதுவும் உங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தீர்கள். யார் என்ன செய்தீர்கள், அதனால் பிள்ளைகளிடம் என்ன நடந்தது என்பதை எழுதிவைத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் மூத்த ஆசிரியை அக்காவுக்கு. பாடத்தைத் திட்டமிட உட்கார்ந்த அன்றே அவர் சொன்னார்: "ஆறு வயசுப் பிள்ளைகிட்ட செத்துக் கிடக்கிற ஆமையை முதல்ல காட்டாதீங்க. உயிரோட இருக்கிறதை நல்லாப் பார்க்கட்டும். குப்பையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்." முதல் வாரத்தில் "கடல்னா என்ன?" என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்டபோது ஒரு பையன், "அழுக்குத் தண்ணி" என்றான். இன்னொரு பிள்ளை, "அங்கே மீன் எல்லாம் செத்துப்போச்சு" என்றாள். தீவில் பிறந்து, தீவில் வளரும் பிள்ளைகள். கடல்நீரில் கால் வைக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கே புரிந்தது. அதனால் முதல் சில வாரங்கள் பிளாஸ்டிக் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பதில் நெப்டியூன் கோப்பை என்ற கடற்பஞ்சின் கதையைச் சொன்னோம். குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிதாக வளரக்கூடியது. 19ஆம் நூற்றாண்டில் இதை முதலில் கண்டெடுத்ததே சிங்கப்பூர்க் கடலில்தான். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே உயிரோடு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளித்தவர்கள் மறுபடியும் அதைக் கண்டார்கள். இந்தக் கதைக்கு ஆளுயரத்துக்கு ஒரு காகிதக் கோப்பை செய்து கொடுத்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவிகளே, பிள்ளைகள் அதற்குள் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தே அதைக் கிழித்துவிட்டார்கள். அதைவிட நல்ல பாராட்டு இருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்து சாங்கிக் கரைக்கு எங்களை அழைத்துப்போன தன்னார்வலர்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

கடல் நன்றாக வற்றும் நேரம் பள்ளி மணிக்கு ஒத்துவராது. ஆண்டின் நடுப்பகுதியில் அது பெரும்பாலும் விடியற்காலையில் வரும், ஆண்டிறுதியில் பொழுது சாய்ந்த பிறகு. நீங்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, பொழுது விடிந்த பிறகும் தண்ணீர் உள்வாங்கியே இருக்கும் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்து கொடுத்தீர்கள். மூடிய காலணி இல்லாமல் ஒரு பிள்ளையும் மணலில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். கல்மீன் போன்ற முள்ளுள்ள மீன்கள் மணலோடு மணலாகக் கிடக்கும் என்று அதன் காரணத்தையும் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னீர்கள்.

கரைக்குப் போனதும் நீங்கள் பாடம் எடுக்கவே இல்லை. குந்தி உட்கார்ந்தீர்கள். பிள்ளைகளும் குந்தினார்கள். துறவி நண்டு ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டதும் ஒரு பையன் அதைக் குச்சியால் குத்தப் போனான். "தொடாதே" என்று நீங்கள் சத்தம் போடவில்லை. "நீ அசையாம இருந்தா அதுவே வெளிய வரும்" என்றீர்கள். வகுப்பில் ஒரு நிமிடம் உட்கார மாட்டாத பையன் அவன். அது கால் நீட்டி நடக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கடற்புல்லுக்கு நடுவே கடல் அட்டை, நட்சத்திர மீன், விரித்த பாய் மாதிரி கிடந்த கடற்சாமந்தி என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். சிப்பி ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

குப்பை பொறுக்கும் இடுக்கியோடு போன அன்று நடந்ததை எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மணலில் சாம்பல் நிறத்தில், சட்டைக் காலர் வடிவத்தில் ஏதோ கிடந்தது. பிய்ந்த ரப்பர்த் துண்டு என்று நினைத்து ஒரு பிள்ளை அதைப் பைக்குள் போடப் போனாள். உங்களில் ஒருவர் ஓடிவந்து தடுத்தார். அது நிலா நத்தையின் முட்டைகள். நத்தை தன் கோழையால் மணலையும் முட்டைகளையும் ஒட்டி அந்தக் காலரைச் செய்து வைக்கிறது. முட்டை பொரிந்ததும் அது தானாக உதிர்ந்துவிடும். ஓர் ஓரத்தில் வட்டமாக ஓட்டை விழுந்த சிப்பிகளைக் காட்டி, இதுவும் அதே நத்தை துளைத்துத் தின்ற மிச்சம்தான் என்றார். அதற்குப் பிறகு எதைப் பொறுக்கினாலும், "இது யாருடைய வீடு?" என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தான் பைக்குள் போட்டார்கள். கரையைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் கரையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் பேசிப் பேசிப் புரியவைக்க நினைத்ததை அந்த நத்தை ஒரே காலையில் புரியவைத்துவிட்டது.

பவளத்தைப் பற்றி அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தபோதும் உங்களில் ஓர் அக்காதான் கைகொடுத்தார். பவளம் கல் அல்ல, சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. உள்ளே பாசி குடியிருக்கிறது, வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுகிறது. கடல் அதிகமாகச் சூடானால் குடியிருப்பவர் வெளியேறிவிடுவார், வீடு வெளுத்துப்போகும், வீட்டுக்காரருக்குப் பசிக்கும். 2024இல் நம் கடலிலும் இப்படி வெளுத்தது. இங்கே சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது என்று சொன்னபோது, "நானும் ஒண்ணு நடலாமா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். பெரியவர்களானதும் நடலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நினைவில் வைத்திருங்கள், இவர்கள் மறக்கிற ஆட்கள் இல்லை.

தேக்கா சந்தை மீன்கடை அண்ணனுக்கு நன்றி. வியாபார நேரத்தில் ஒரு வகுப்பே வந்து நின்றும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. செவுளைத் திறந்து காட்டினீர்கள், கணவாயின் மைப் பையைக் காட்டினீர்கள். நாம் தின்னும் மீனில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று சொன்னீர்கள். அப்புறம் ஒரே வகை மீனில் பெரியதையும் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்தக் குட்டி இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடலை. இதையே பிடிச்சுக்கிட்டிருந்தா அடுத்து எங்கேருந்து மீன் வரும்?" என்று கேட்டீர்கள். மீன் விற்கும் ஒருவர் இதைச் சொன்னது பிள்ளைகளை எவ்வளவு தொட்டதோ, அவ்வளவு என்னையும் தொட்டது. இப்போது பல அம்மாக்கள் மீன் வாங்கும்போது பக்கத்தில் ஒரு குட்டி அதிகாரி நிற்பதாகக் கேள்விப்படுகிறேன்.

குப்பை லாரி ஓட்டும் அப்பா ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளைப் பொறுத்தவரை அன்றைய நாயகன் அவர்தான். நம் மாடியில் குப்பைக் குழாயில் போடும் பை கீழே விழுந்து, லாரியேறி, எரியாலைக்குப் போய், சாம்பலாகி, துவாசிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்குப் போய்ச் சேரும் கதையை வெண்பலகையில் வரைந்தே காட்டினார். அந்தக் கடல்நடுக் குப்பை நிரப்பிடம் 1999 முதல் இயங்குகிறது. இப்போதைய வேகத்தில் போனால் 2035வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். "அப்போ எனக்கு எத்தனை வயசு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் இருப்பீர்கள் என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியானது. அவர் அதை அப்படியே விட்டுவிடாமல், "நான் தினமும் ஏத்துறதுல சாப்பாட்டு டப்பாவும் பையும் எவ்வளவு தெரியுமா? அதைக் குறைக்க உங்களால முடியும்" என்று எடுத்துக் கொடுத்தார். சார், அந்த ஒரு வாக்கியத்துக்குத் தனியாக நன்றி.

அதே வாரம் எங்கள் மலாய் ஆசிரியையின் தந்தையும் வந்து பேசினார். அவர் பிறந்தது செமாக்காவை அடுத்திருந்த புலாவ் செக்கிங் என்ற தீவில். நிரப்பிடம் கட்டியபோது அந்தத் தீவும் அதற்குள் அடங்கிவிட்டது. தண்ணீர்மேல் கால் ஊன்றி நின்ற வீடுகளைப் பற்றி அவர் மலாயில் சொல்லச் சொல்ல, மகள் ஆங்கிலமாக்க, நான் தமிழாக்கினேன். வீட்டுப் படியில் உட்கார்ந்தே மீன் பிடித்த கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஐயா, உங்கள் ஊர் இந்தப் பிள்ளைகளின் ஓவியங்களில் இருக்கிறது. கண்காட்சியில் அந்தச் சுவர் முன்னால்தான் கூட்டம்.

இராமேசுவரம் பக்கத்திலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த பாட்டிக்கு என் வணக்கம். படப் புத்தகத்தில் கடற்பசுவைக் காட்டியதும், "அட, இது ஆவுளியால்ல" என்று நீங்கள் எழுந்தே வந்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் வலையில் சிக்கினால் கறியாக்கிப் பங்கு போட்டுக்கொள்வோம், இப்போது வலையை அறுத்தாவது விட்டுவிடுகிறார்கள் என்று மறைக்காமல் சொன்னீர்கள். 2022இல் தமிழ்நாட்டு அரசு பாக் விரிகுடாவில் கடற்பசுக்களுக்கென்றே ஒரு காப்பகத்தை அறிவித்தது. இங்கே உபின் தீவில் உள்ள செக் ஜாவா கரையின் கடற்புல் வெளியிலும் கடற்பசு மேய்ந்த தடங்கள் பதிவாகியிருக்கின்றன. பெரியவர்கள் மனம் மாறுவார்கள் என்பதைப் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்டார்கள். அதை எந்தப் பாடநூலாலும் செய்ய முடியாது.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் துப்புரவாளர் அண்ணன்களே, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையில் குப்பை எவ்வளவு கூடுதலாக ஒதுங்கும் என்பதை உங்கள் வண்டியில் குவிந்திருந்ததைப் பார்த்தே புரிந்துகொண்டோம். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்ததே, அப்போது எண்ணெய் படிந்த மணலை அள்ளியவர்களில் ஒருவர் உங்களோடு இருந்தார். "வெயில்ல முழு உடுப்பும் போட்டுக்கிட்டு அள்ளினோம்" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டைகளை அன்றே கொடுத்துவிட்டோம். ஆனால் பெரியவர்கள் நாங்கள் அவருக்கு நன்றி சொல்லவில்லை என்று வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. இதோ சொல்கிறேன். நாங்கள் மறுபடி கால் நனைக்கும் கரை உங்கள் உழைப்பால் கிடைத்தது.

நான் நேரில் பார்க்காத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். செக் ஜாவாவை மண் போட்டு நிரப்பும் வேலை 2001 இறுதியில் தொடங்கவிருந்தது. அதற்கு முன்பே அங்கே நடந்து, படம் எடுத்து, பட்டியல் போட்டு, கடிதம் எழுதிய சாதாரண மக்கள் பலர். அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007இல் நடைபாதை திறந்தது. சாங்கி முனையிலிருந்து பம் போட் என்ற சிறு படகில் ஏறி, உபினில் இறங்கி, அந்த நடைபாதையில் எங்கள் பிள்ளைகள் வரிசையாக நடந்தபோது, உங்களில் யாராவது இப்போது இதைப் பார்க்க வேண்டுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

நூலகர்கள், மதிய உணவு நேரத்தை மாற்றிக் கொடுத்த சமையலறை ஆண்ட்டி, பேருந்துக்கு ஏற்பாடு செய்த அலுவலக அக்கா, எதற்கும் முடியாது என்று சொல்லாத முதல்வர், உங்கள் எல்லாருக்கும் நன்றி.

பெற்றோர்களே, "தமிழ் வகுப்பில் எதற்குக் கடல்?" என்று உங்களில் ஒருவர் தொடக்கத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேச்சு வரும். கரைக்குப் போய் வந்த திங்கட்கிழமை, வழக்கமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட நண்டு எப்படி ஓடியது என்று தமிழில் என்னோடு சண்டை போட்டார்கள். கேட்டவரே பிறகு விடிகாலையில் காரில் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். பேரங்காடிக்குத் துணிப்பை எடுத்துப்போவதையும் கோப்பிக் கடைக்குச் சொந்த டப்பா கொண்டுபோவதையும் பல வீடுகளில் இப்போது பிள்ளைகள்தான் நினைவூட்டுகிறார்களாம். அலுத்துக்கொள்ளாமல் அவர்கள் பேச்சைக் கேட்கிறீர்களே, அதற்கும் நன்றி.

பொம்மைகள், படஅட்டைகள், பிள்ளைகள் கட்டிய பாட்டு, பாட்டி சொன்ன மீன் பெயர்களின் பட்டியல் எல்லாம் வகுப்பறை அலமாரியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பக்கத்துப் பாலர் பள்ளி ஆசிரியர்கள் யார் கேட்டாலும் தருவோம். ஆண்டிறுதி விடுமுறையில் மாலை வற்றம் உள்ள நாட்களைத் தன்னார்வலர்கள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். உடன்வர விரும்பும் குடும்பங்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். மூடிய காலணி கட்டாயம்.

நன்றியுடன்,
கே2 தமிழாசிரியை