வீட்டிலிருந்து படிக்க அனுமதி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு அவள் விரும்பிய பாடத்திலேயே இங்குள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தோம். ஆனால் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்ற விதியைப் பார்த்த நாளிலிருந்து நீயும், எனக்குத் தங்கை போன்ற உன் மனைவியும் நிம்மதி இழந்திருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. சிறு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண், ஜெயநகரில் சொந்த அத்தை வீடு இருக்கும்போது, அறிமுகமில்லாத அறையில் இரவைக் கழிக்க வேண்டுமா என்ற உங்கள் கவலை நியாயமானது. விலக்குக் கேட்பது முறையா, கேட்டால் கொடுப்பார்களா, கேட்டதற்காகவே அவளைப் பற்றித் தவறாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறாய். முறைதான், கேட்கத்தான் வேண்டும் என்பதே என் பதில். மாணவர் நலப் பிரிவில் பல ஆண்டுகள் இத்தகைய மனுக்களைப் படித்து முதல்வருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுச் செய்தி, ஏனென்றால் அதுவும் இதே விஷயம்தான். மருமகள் இந்நகரத்தின் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.டி. சேர்ந்திருக்கிறாள். பேரனுக்கு இன்னும் பால் மறக்கவில்லை. முதுநிலை மாணவர்கள் அனைவரும் விடுதியில் தங்க வேண்டும், தங்காவிட்டாலும் அறைக் கட்டணமும் மெஸ் கட்டணமும் செலுத்த வேண்டும் என்று சேர்க்கையின்போதே சொல்லிவிட்டார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள், 2023 இதைத் தெளிவாகவே தீர்த்து வைத்திருக்கிறது: முதுநிலை மாணவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை, ஆனால் அவர்கள் அங்கே தங்குவது கட்டாயமில்லை. மருமகள் அந்தப் பகுதியை மேற்கோள் காட்டி, கோபமாக ஒரு சொல்லும் இல்லாமல், ஒரே பக்கத்தில் மனு எழுதினாள். அறைக் கட்டணத்தை உடனே நீக்கினார்கள். மெஸ் கட்டணத்துக்கு மட்டும் இரண்டாவது கடிதம் தேவைப்பட்டது. இரவுப் பணி நாட்களில் மருத்துவமனையின் பணி அறையில் தங்குகிறாள், மற்ற நாட்களில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். உன் மகள் சேரும் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஒழுங்குமுறை பொருந்தாது. அங்கே விதி பல்கலைக்கழகத்தினுடையது, அதைத் தளர்த்தும் அதிகாரமும் அவர்களுடையது. அதனால்தான் உன் மனு சட்டப் பகுதியை நம்பாமல் காரணத்தின் வலுவை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு விதி எதற்கு, பணம் பறிக்கத்தானே என்று எழுதியிருக்கிறாய். பணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். கடன் வாங்கிக் கட்டிய விடுதியில் அறைகள் காலியாகக் கிடந்தால் நிர்வாகத்துக்கு இழப்பு. ஆனால் இந்த எண்ணத்தின் வேர் அதைவிட ஆழமானது. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளாகவே இருந்தன. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து கற்கும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்பதைக் கல்கத்தா பல்கலைக்கழக ஆணையம் 1919இல் வலியுறுத்தியது. அந்தச் சிந்தனையில் 1921இல் டாக்கா பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. நம் சிதம்பரத்தில் 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே தொடங்கப்பட்டது. வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் பேச்சு, இரவு வரை திறந்திருக்கும் நூலகம், வேறு ஊரிலிருந்தும் வேறு சாதியிலிருந்தும் வந்தவனோடு ஒரே பந்தியில் உண்பது ஆகியவையும் கல்வியின் பகுதி என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்புகிறேன். நீயும் நானும் ஒரே விடுதி அறையில் இருந்திராவிட்டால் இன்று இந்தக் கடிதமே இல்லை. ஆகவே விதியை எதிரியாக நினைத்து மனு எழுதாதே. அது எதை விரும்புகிறதோ அதை மதித்து எழுது.

அமெரிக்காவில் இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை என்று உன் அண்ணன் மகன் சொன்னது சரியில்லை. அங்கே பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவர்கள் வளாகத்தில் தங்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. ஆனால் யாருக்கு விலக்கு என்பதையும் அவற்றில் பெரும்பாலானவை அச்சிட்டே தருகின்றன: குறிப்பிட்ட தொலைவுக்குள் பெற்றோருடன் வசிப்பவர், திருமணமானவர், குழந்தை உள்ளவர், குறிப்பிட்ட வயதைக் கடந்தவர், மருத்துவக் காரணம் உள்ளவர் என்று. பட்டியல் இருந்தும் சிக்கல்கள் வந்திருக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் மரபுவழி யூத மாணவர்கள் சிலர், ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் தங்கும் விடுதி தங்கள் சமய ஒழுக்கத்துக்கு ஒவ்வாது என்று விலக்குக் கேட்டார்கள். திருமணமானவர்களுக்கும் 21 வயது நிறைந்தவர்களுக்கும் விலக்களித்த பல்கலைக்கழகம் இவர்களுக்கு மறுத்தது. தங்காத அறைக்கு வாடகை செலுத்தியபடி வழக்காடினார்கள். 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதற்கு முன், 1996இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் கார்னி நகர அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் வளாகத்துக்கு அருகிலுள்ள கிறித்தவ மாணவர் இல்லத்தில் தங்க அனுமதி கேட்டு வென்றார். வேறு காரணங்களுக்காகப் பலருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, சமயக் காரணத்துக்கு மட்டும் மறுப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அரசமைப்பு உரிமை, யேலைப் போன்ற தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாதது இவ்விரு தீர்ப்புகளின் வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம். இதுவரை எந்தெந்தக் காரணங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். முன்பு கொடுத்த விலக்கே அடுத்த மனுவுக்குப் பெரிய துணை.

விலக்குக்கான காரணங்களை வெளிப்படையாக எழுதி வைக்காத நிறுவனங்கள்மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. எழுதி வைக்காத இடத்தில் செல்வாக்குள்ளவன் தொலைபேசியில் பெறுவதை, செல்வாக்கில்லாதவன் மனுவில் பெற முடிவதில்லை. சட்டமன்ற உறுப்பினரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருவதாக உன் மைத்துனர் சொன்னதைத் தயவுசெய்து ஏற்காதே. அத்தகைய கடிதம் கோப்பில் சேர்ந்த உடனேயே, உண்மையான நோயும் சாக்காகத் தோன்றத் தொடங்கிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி மனுவைப் பற்றி. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற தொடர் அதில் இருக்கவே கூடாது. ‘சர்க்கரை நோய்’ என்று மட்டும் எழுதினாலும் போதாது, ஏனென்றால் அதைப் படிக்கும் அலுவலர் தம் வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை நோயை நினைத்துக்கொண்டு, மெஸ்ஸில் சப்பாத்தி கொடுக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்துவிடுவார். முதல் வகை நீரிழிவு என்பதையும், உடல் இன்சுலினைச் சுரக்காததால் ஒவ்வொரு நாளும் ஊசி தேவை என்பதையும், ஊசி போட்ட பிறகு உணவு தாமதமானால் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதையும், உறக்கத்தில் அப்படி இறங்கும்போது எழுப்பி உடனே இனிப்புக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் மருத்துவரே சான்றிதழில் எழுதித் தரட்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல். அறைகளில் குளிர்பதனப் பெட்டிக்கு அனுமதி இல்லாத விடுதியில் இது தனிக் காரணமாகவே நிற்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டலாமா என்று தங்கை கேட்டிருக்கிறாள். அச்சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நீரிழிவு இல்லை. ஆகவே அதை விட்டுவிடுங்கள். பொருந்தாத சட்டத்தைக் காட்டினால் பொருந்தும் காரணமும் ஐயத்துக்குள்ளாகும்.

மருத்துவச் சான்றிதழுக்கு அடுத்து அத்தை வீட்டைப் பற்றிய விவரம் வேண்டும். அத்தையும் மாமாவும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், முகவரிச் சான்று, நாளும் போய்வரும் வழி ஆகியவற்றை இணைத்துவிடு. மெட்ரோவின் கடைசி நிலையத்திலிருந்து பல்கலைக்கழகப் பேருந்து போகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்காத வழி என்பதை ஒரு வரியில் எழுதினாலே இந்த ஊர் அலுவலர்களுக்குப் புரிந்துவிடும். தொலைவைக் கணக்கில் கொள்வது புதிய வழக்கமும் இல்லை. கேம்பிரிட்ஜில் இளநிலை மாணவர் குறிப்பிட்ட ஒரு தேவாலயத்திலிருந்து 3 மைல் சுற்றளவுக்குள் தங்க வேண்டும் என்பதே விதி, ஆக்ஸ்போர்டில் நகர மையத்திலிருந்து 6 மைல். வளாகத்திலிருந்து எட்டும் தொலைவில் வாழ்கிறாரா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. விலக்கு மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. ஏதேனும் ஒரு மகளிர் விடுதியோடு அவளை இணைத்துவைக்கும்படியும் கேள். தில்லி ஐ.ஐ.டி.யில், வீட்டிலிருந்து வந்து படிப்பவரும் ஏதேனும் ஒரு விடுதியோடு இணைக்கப்படுகிறார். நீலகிரி, குமாவூன், காரகோரம் என்று மலைகளின் பெயர் தாங்கிய விடுதிகள் அவை. தம் விடுதியின் சார்பில் விளையாடவும் விழாக்களில் பங்கேற்கவும் அவருக்கும் இடமுண்டு. டாக்காவிலும் தொடக்கத்திலிருந்தே வெளியே தங்கும் மாணவர் ஒரு விடுதியைச் சார்ந்தவராகவே இருந்தார். நான் பார்த்த டே ஸ்காலர் மாணவர்களில் பலர் படிப்பில் பின்தங்கவில்லை. ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் கல்லூரியில் அவர்களுக்கு உட்கார ஓர் இடமில்லை, நண்பர்களின் பேச்சில் பாதி அவர்களுக்குத் தெரியாது, மூன்றாம் ஆண்டிலும் விருந்தாளிகளைப் போலவே வந்துபோனார்கள். உன் மகளுக்கு அப்படி நேரக் கூடாது. பகலில் ஊசி போட்டுக்கொள்ளவும் சற்றுப் படுக்கவும் விடுதியில் ஓர் இடம், மதிய உணவுக்கு மெஸ், அதற்குரிய கட்டணம் மட்டும், தேர்வு நாட்களில் விரும்பினால் தோழியின் அறையில் இரவு தங்க அனுமதி என்று கேட்டால், விதி எதற்காக வந்ததோ அதில் பெரும்பகுதி அவளுக்குக் கிடைத்துவிடும். நிர்வாகத்துக்கும் மறுப்பது கடினமாகும், ஏனென்றால் நீ கேட்பது விடுதியை விட்டு விலகும் உரிமையை மட்டும் இல்லை என்பது மனுவைப் படித்தவுடனேயே தெரியும்.

இன்னொன்றும் விசாரித்துப் பார். விடுதிக் கட்டாயம் மாணவர், மாணவியர் இருபாலருக்கும் ஒன்றாக இருக்கிறதா? பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களுக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகளைத் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், 2016 மே மாதம் அரசிதழில் வந்தவை, சொல்கின்றன. பெண்களுக்கு மட்டும் என்றிருந்தால் எனக்கு எழுது. அதற்குத் தனியாக ஒரு கடிதம் தயாரிப்போம்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று தங்கை அஞ்ச வேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலைநாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அதில் மனநிறைவு இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் குறைதீர் அதிகாரியிடம் முறையிடலாம். தகவல் கையேட்டில் அறிவித்ததைவிட அதிகமாகப் பணம் கேட்பதும் அங்கே முறையிடத்தக்க குறைதான். ஆகவே கையேட்டின் இப்போதைய படியை இன்றே பதிவிறக்கிப் பத்திரப்படுத்து, பிறகு அதை மாற்றிவிடக்கூடும்.

மனுவில் உன் கையெழுத்து மட்டும் போதாது, அவளும் கையெழுத்திட வேண்டும். அவளுக்கு உண்மையில் என்ன விருப்பம் என்று நீ உன் கடிதத்தில் எழுதவே இல்லை. பதினெட்டு வயது நிறைந்தவள், தன் நோயைத் தானே கவனித்துப் பழகியவள். விடுதியிலேயே இருந்து பார்க்கிறேன் என்று அவள் சொன்னால், அப்போது விலக்கு மனுவுக்குப் பதிலாக, குளிர்பதனப் பெட்டி, உணவு நேரம், உதவி தெரிந்த அறைத்தோழி, இரவில் அழைக்க வார்டன் எண் ஆகியவற்றைக் கேட்கும் மனுவை எழுதுவோம். அவளிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு, விடுதி ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்பு. பட்டியல் வந்த பிறகு ஓர் அறையைக் காலி செய்வதற்குத் தயங்குவார்கள். நான் திருத்தித் தருகிறேன், நேரில் கொடுக்க வேண்டுமென்றால் நானே அத்தையோடு போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வருகிறேன்.

தங்கைக்கும் மகளுக்கும் எங்கள் அன்பு.

உன் அன்பு நண்பன்