கொல்லைக்கு சிமெண்ட் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஐப்பசி மழையில் கொல்லை சேறாகக் கிடக்கிறது, பூச்சி பொட்டு வருகிறது, அம்மா வழுக்கி விழுந்துவிடுவாள், மொத்தமாக சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறாய். உன் கவலை நியாயம்தான். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால், இந்த மாதத்தில் அங்கே யார் யார் வந்து போகிறார்கள் என்று கொஞ்சம் கேட்டுக்கொள்.

ஆறுமணிக் குருவி வந்துவிட்டது. மாமரத்தடியில் சருகு குவிந்து கிடக்கிறதே, அதுதான் அதன் இடம். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் அசையாமல் நின்றால் தெரியவே தெரியாது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகிற பறவை அது. வந்த களைப்பில் சில சமயம் மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். இங்கே அது கேட்பது ஈர மண்ணும் சருகும் மட்டும்தான். அலகால் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழுவும் கறையானும் தின்னும். சிமெண்ட் தரையில் எதைப் புரட்டும், சொல்?

வேலி முள்ளில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து நாளெல்லாம் கத்துகிறது. சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து வருவது. போன வருடம் பிடித்த அதே இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. போன வருடமும் இதே வேலியில்தான் ஒன்று இருந்தது. அதுவேதான் இது என்று அம்மா அடித்துச் சொல்கிறாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்பியது. நீ பார்த்திருக்க வேண்டும்! கிணற்றடிப் புற்றிலிருந்து புகை மாதிரி எழும்பியது. கரிச்சான்கள் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து அந்தரத்திலேயே பிடித்தன. கீழே விழுந்ததைத் தவிட்டுக்குருவிகளும் மைனாக்களும் பொறுக்கின. தேரை ஒன்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்து நாக்கை நீட்டி நீட்டி வயிற்றை நிரப்பிக்கொண்டது. இருட்டிய பிறகு வௌவால்கள் வந்தன. மண்ணுக்கடியில் கறையான் இருப்பதால்தான் இத்தனை பேருக்கும் விருந்து.

செம்போத்து தினமும் வருகிறது, நத்தைக்காக. கீரியும் காலையில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும்.

பாம்பைப் பற்றிச் சொன்னாயே, இங்கே அடிக்கடி வருவது சாரை. அதற்கு விஷம் கிடையாது, எலி பிடிக்கத்தான் வருகிறது. எந்தப் பாம்பு வந்தாலும் தவிட்டுக்குருவிக் கூட்டம் சேர்ந்து போடும் சத்தத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நான் டார்ச் இல்லாமல் இரவில் கொல்லைப் பக்கம் போவதில்லை, நீ பயப்படாதே.

வழுக்குவது மட்டும் உண்மை. அதனால் இப்படிச் செய்யலாம்: பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும் இரண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் பாவி, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வைத்துவிடலாம். கொத்தனாரிடம் பேசிவிட்டேன், மழை நின்றதும் வருகிறார். மாமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டி சிமெண்ட்கூட விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வா. ஆறுமணிக் குருவி சித்திரை வாக்கில்தான் வடக்கே திரும்பும், அதனால் நிச்சயம் காட்டிவிடலாம். ஆனால் விடியற்காலையில் எழுந்தால்தான் உண்டு, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா