வீட்டில் சார்ஜ் செய்தால் எவ்வளவு, வெளியில் செய்தால் எவ்வளவு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மின்கார் வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும், சார்ஜர் விற்று வயரிங் செய்துதரும் எங்கள் கடைக்கு வந்ததும் முதலில் கேட்பது, வீட்டிலேயே சார்ஜ் செய்தால் யூனிட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே தொகையைச் சொல்ல இயலாது. ஒரே காரை ஒரே தூரம் ஓட்டும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு யூனிட் நாலே முக்கால் ரூபாய்க்கு அமைகிறது. அடுத்த குடும்பத்துக்குப் பத்து ரூபாயைத் தாண்டுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கார் அன்று, வீட்டு மின்கட்டணத்தின் படிநிலை என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்குச் சுமார் 2.35 ரூபாய்; 500ஐத் தாண்டினால் அந்த யூனிட்டுகளுக்கும் 4.75தான். அதற்கு மேல் 400 வரை வட்டமாக 4.75, 500 வரை 6.40, 600 வரை 8.50, 800 வரை 9.50, 1000 வரை 10.60, ஆயிரத்துக்கு மேல் 11.70 என்று வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிந்தைய அளவுகளைக் கணக்குக்கு எளிதாக இருக்கும்படி வட்டமாக்கியிருக்கிறோம். பில்லில் சில பைசா கூடலாம், குறையலாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி ஆகியவற்றின் யூனிட்டுகளுக்கு மேல்தான் காரின் யூனிட்டுகள் போய் உட்காருகின்றன. எனவே காருக்கு ஆகும் செலவு, உங்கள் வீட்டுப் பயன்பாடு முடியும் படியிலிருந்து தொடங்குகிறது. விற்பனையாளர்கள் சிலர் மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, ‘ஐந்து ரூபாய் சொச்சம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வகுத்தலில் இலவச யூனிட்டுகளின் பலனும் காருக்கே சேர்ந்துவிடுகிறது. கார் இல்லாமலே அந்த 100 யூனிட் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டுதானே இருந்தது?

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு நம் சாலைகளில் 7 கிலோமீட்டர் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 286 யூனிட் வேண்டும். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தைப் பேட்டரிக்கு வேண்டிய நேர்மின்சாரமாக்கி ஏற்றும்போது பத்து விழுக்காடு அளவுக்கு வெப்பமாகக் கழிந்துவிடும் என்பதால், வீட்டு மீட்டர் ஏறக்குறைய 320 யூனிட் காட்டும்.

இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் செலவழிக்கும் நடுத்தர வீட்டில் இப்போதைய பில் 950 ரூபாய் அளவில் இருக்கும். கார் வந்தபின் 670 யூனிட். பில் 3,580 ரூபாய். கூடிய தொகை 2,630 ரூபாய் என்பதால், காரின் யூனிட் ஒன்றுக்கு 8.20 ரூபாயும் கிலோமீட்டருக்கு 1.30 ரூபாயும் ஆகின்றன. முன்பு சொன்ன வகுத்தல் முறையில் இதே வீட்டுக்கு 5.35 ரூபாய்தான் வரும். தாயும் தந்தையும் மட்டும் இருந்து 150 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும் வீட்டில் அதே காருக்கு யூனிட் 4.75 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இரண்டு ஏ.சி. ஓடி 700 யூனிட்டைத் தொடும் வீட்டிலோ 10.30 ரூபாய் ஆகும்.

500 யூனிட் என்ற கோட்டைத் தனியாகக் கவனியுங்கள். அதை ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலை போய்விடுவதால், பில் ஒரே தாவலில் 250 ரூபாய் ஏறுகிறது. கணக்கெடுப்பு நெருங்கும் நாளில் மீட்டர் 495ஐக் காட்டி, காருக்கு இன்னும் கொஞ்சம் சார்ஜ் வேண்டியிருந்தால், கணக்கெடுத்து முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது. பொறுக்க முடியாவிட்டால் அந்த ஒருமுறை வெளியில் ஏற்றிக்கொள்வது மலிவாகும். ஆனால் கோட்டை இருபது யூனிட்டுக்குள் தாண்டும் நிலைமைக்கு மட்டுமே இந்த யோசனை பொருந்தும். எழுபது, எண்பது யூனிட் தாண்டுவீர்கள் என்றால் தயங்காமல் வீட்டிலேயே ஏற்றுங்கள்.

இனி வெளிச் சார்ஜ். நேர்மின்சாரமாகவே பேட்டரிக்குள் வேகமாக ஏற்றும் விரைவு நேர்மின்சார நிலையங்களில் வரி உட்பட யூனிட் 20 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம்; இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். காருக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருக்க, சார்ஜிங் சேவைக்கு 18 விழுக்காடு விதிக்கப்படுகிறது. இயந்திரம், டிரான்ஸ்பார்மர், இடவாடகை ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு யூனிட் விலையிலிருந்துதான் அவர்கள் எடுக்க வேண்டும். ஆகவே அந்த விலையைக் கொள்ளை என்று நாங்கள் சொல்லமாட்டோம். வெளியில் ஒரு சிறு நன்மையும் உண்டு: விரைவு நிலையத்தில் பொதுவாகக் காருக்குள் இறங்கும் மின்சாரத்துக்கே காசு என்பதால், மாற்றத்தில் கழியும் பங்கு அவர்கள் கணக்கில் போகும். அப்படிப் பார்த்தாலும் 286 யூனிட்டுக்கு 5,720 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 2.85 ரூபாய் ஆகிறது. இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில் கிலோமீட்டருக்கு ஆகும் 1.65 ரூபாயைவிடவும் இது அதிகம். எனினும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு ஆகும் ஏழு ரூபாயோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவுதான்.

நம் மாவட்டத்துக்குள் ஓடும் ஓட்டத்துக்கு வெளிச் சார்ஜ் தேவைப்படுவதே அரிது. தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருவதும், மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரிக்கு உறவினர்களை அழைத்துப்போவதும் இரவில் வீட்டில் ஏற்றிய சார்ஜிலேயே முடிந்துவிடும். 45 யூனிட் பேட்டரி உள்ள கார் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய், களியக்காவிளை நெரிசலில் நின்று, திரும்பி வந்த பிறகும் சார்ஜ் மிச்சமிருக்கும். மதுரைக்கு ஒரே நாளில் போய்வர வேண்டுமானால்தான் வழியில் நிறுத்த வேண்டியிருக்கும். 25 யூனிட்டுக்கு 500 ரூபாய் கொடுத்து அரைமணி நேரத்தில் கிளம்பலாம். பேட்டரி 80 விழுக்காட்டைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அங்கே முழுவதும் நிரப்பக் காத்திருக்க வேண்டாம். எம்.ஜி. காமெட் போன்ற சில கார்களில் விரைவு நேர்மின்சாரச் சார்ஜ் வசதியே கிடையாது என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவோடு வயரிங் செலவையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. மீட்டர் பலகையிலிருந்து கார் நிற்கும் இடம்வரை தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகிய எல்லாவற்றுக்குமாக 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேலே கண்ட நடுத்தர வீட்டில் ஒவ்வொரு பில்லிலும் வெளிச் சார்ஜைவிட 3,090 ரூபாய் மிச்சமாகிறது. ஒரு வருடமும் ஒன்றிரண்டு மாதமும் கழிந்தால் போட்ட பணம் திரும்பிவிடும்.

இந்த வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். இஸ்திரிப்பெட்டி பத்து நிமிடம் ஓடும். பேட்டரி வெகுவாகக் குறைந்திருந்தால் கார் இரவு முழுவதும், எட்டு ஒன்பது மணி நேரம், 15 ஆம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கும். பழைய 15 ஆம்பியர் சாக்கெட்டில் காரைச் செருகியிருந்த வீடுகளில், துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்து, பிளக்கின் உலோக முனைகள் கறுத்து, வயரின் உறை நுனியில் இறுகி உதிர்வதைக் கழற்றும்போது பார்க்கிறோம். நாங்கள் நான்கு சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்குக் குறைவாகப் போடுவதில்லை. முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று எர்த் பைப்பின் கிளாம்பை அரித்து, வெளிப்பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே தொடர்பு இல்லாமல் செய்துவிடும். மேட்டுப்பாங்கான சரள் மண்ணில் பங்குனி, சித்திரை வெயிலுக்குக் குழி வறண்டு எர்த் வலுவிழக்கும். எர்த் சரியில்லாவிட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். அப்போது சார்ஜரைக் குறை சொல்லாமல் எர்த்தைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஐப்பசி இடிமின்னலுக்கு, திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் சேர்த்துப் பொருத்துவது நல்லது.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அதற்குக் கூடுதல் மின்சுமை அனுமதியும், பொதுவாக மும்முனை இணைப்பும் தேவைப்படும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரவில் மூன்று மணி நேரமே போதும் என்பதால், சாதாரண 3.3 கிலோவாட் சார்ஜரையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். விலை உயர்ந்த பொருளை விற்பது எங்களுக்கு லாபம்தான்; ஆனாலும் தேவையில்லாதவருக்கு அதைத் தலையில் கட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. கடை வைத்திருப்பவர்கள் வணிக இணைப்பில் காரை ஏற்ற வேண்டாம். அங்கே இலவச யூனிட் இல்லை, யூனிட் பத்து ரூபாய்க்கு மேல், நிலைக்கட்டணம் வேறு.

கடைக்கு வரும்போது கடந்த ஒரு வருடத்து ஆறு பில்களையும், மீட்டர் பலகையின் ஒரு புகைப்படத்தையும், கார் நிறுத்தும் இடம் அங்கிருந்து எத்தனை அடி என்ற அளவையும் கொண்டுவாருங்கள். கோடைக்காலப் பில்லை மட்டும் பார்த்தால் கணக்கு ஏறியும், மழைக்காலப் பில்லை மட்டும் பார்த்தால் இறங்கியும் காட்டும் என்பதால்தான் ஆறையும் கேட்கிறோம். உங்கள் வீட்டுக்கு யூனிட் எத்தனை ரூபாய் ஆகும் என்பதை உங்கள் எதிரிலேயே தாளில் போட்டுக் காட்டுகிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்,
வடசேரி, நாகர்கோவில்.