பாடநூல் எழுதுபவர்களே, அந்த நிலாக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

இயற்பியல் பாடநூல் எழுதுபவர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு என்றதும் நீங்கள் போடுகிற அந்த இரண்டு கட்ட அட்டவணையைப் பற்றித்தான் இந்த மடல். இடப்பக்கம் நிறை: மாறாதது, கிலோகிராம், பொதுத் தராசு. வலப்பக்கம் எடை: இடத்துக்கு இடம் மாறும், நியூட்டன், சுருள்வில் தராசு. கீழே ஒரு கணக்கு, 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நிலாவில் எவ்வளவு எடை இருப்பார் என்று. பிள்ளைகள் நிலாவின் ஈர்ப்பு முடுக்கமான 1.62 ஆல் பெருக்கி 97.2 நியூட்டன் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அட்டவணையில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அதே பிள்ளையிடம், விண்வெளி நிலையத்துக்குள் மிதக்கிற அரை டன் இயந்திரம் ஒன்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுவரை நோக்கி வருகிறது, நடுவில் கையை வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். “அங்கேதான் எடையே இல்லையே, வைத்தால் என்ன?” என்பான். கை நசுங்கிப் போகும். பூமியில் அதே இயந்திரம் சக்கரத்தின் மேல் அதே வேகத்தில் உருண்டு வந்தால் எப்படி நசுங்குமோ அப்படியே. நிறை என்பது இதுதான், இதைத்தான் அட்டவணை சொல்லவே இல்லை.

“பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். புரியாத ஒன்றுக்கு இன்னொரு புரியாததை விளக்கமாகக் கொடுத்தால் பிள்ளை மனப்பாடம் செய்யாமல் வேறு என்ன செய்யும்? நிற்கிற பொருளைக் கிளப்பவோ ஓடுகிற பொருளை நிறுத்தவோ போனால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது, அதுதான் நிறை. அதை ஒரு கோள் கீழே இழுக்கிற விசை எடை. முரண்டைப் பார்க்கக் கீழே பார்க்க வேண்டிய தேவையே இல்லை, பக்கவாட்டில் தள்ளினாலே போதும்.

அப்புறம் அந்த “ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள்” என்ற வரி. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை, அவ்வளவுதான். அங்கே சுருள்வில் தராசு மட்டுமல்ல, நீங்கள் நிறையை அளப்பதற்கென்று எழுதி வைத்திருக்கிற பொதுத் தராசும் வேலை செய்யாது. அதன் இரண்டு தட்டுகளையும் அழுத்தவும் ஏதாவது வேண்டுமே! பின் எப்படி அளக்கிறார்கள்? 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்திலேயே வில் பொருத்திய ஓர் இருக்கையை வைத்திருந்தார்கள். அதில் ஆளை இறுக்கிக் கட்டி முன்னும் பின்னும் ஆடவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். வீரர் மெலிந்திருக்கிறாரா என்று ஆட்டத்தின் நேரத்தை வைத்தே கண்டுபிடிக்கிற இந்த இருக்கைக்குப் பாடத்தில் அரைப் பக்கம்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை.

எடை மாறும் என்று காட்டவும் நிலாவரை போக வேண்டியதில்லை. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கயேனுக்கு ஊசல் கடிகாரத்தோடு போனார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளுக்கு சுமார் 2½ நிமிடம் பின்தங்கியது, ஊசலின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும், அதனால்தான். பூமியின் சுழற்சியும் நடுவில் புடைத்த அதன் வடிவமும் சேர்ந்து ஈர்ப்பு முடுக்கத்தை (மீட்டர்/நொடி²) நிலநடுக்கோட்டில் 9.78 என்றும் துருவத்தில் 9.83 என்றும் வைத்திருக்கின்றன. நிலநடுக்கோட்டில் சரிபார்த்த மின்னணு எடைக் கருவி அங்கே 60 என்று காட்டுகிற ஆள், அதையே துருவத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏறி நின்றால் 60.3 என்று காட்டும். ஆள் அதே ஆள்தான். கருவி உணர்வது விசையை, எழுதிக் காட்டுவது கிலோவை, நடுவில் ஒரு வகுத்தலைச் சத்தமில்லாமல் செய்துகொள்கிறது. லிஃப்டில் அதே கருவி மேல் நின்று பார்த்தால், மேலே கிளம்புகிற அந்த ஓரிரு நொடி 66 வரைகூட ஏறும் (லிஃப்டின் முடுக்கம் 1 மீட்டர்/நொடி² என்றால்), சீரான வேகம் வந்ததும் பழையபடி 60.

இன்னொன்று, “என் எடை 60 கிலோ” என்று கட்டுரையில் எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், நீங்களும்தான். கிலோகிராம் நிறையின் அலகு, எடை என்பது விசை என்று 1901-லேயே எடைகள் மற்றும் அளவைகள் பொது மாநாடு அறிவிக்க வேண்டி வந்தது, அந்த அளவுக்கு அப்போதே குழப்பம் இருந்திருக்கிறது. கணக்கில் அலகு மாறினால் வெட்டுங்கள், சரி.

அடுத்த வினாத்தாளில் நிலாவுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: விண்வெளி நிலையத்தில் பார்க்க ஒரே மாதிரி இரண்டு மூடிய பெட்டிகள் மிதக்கின்றன, ஒன்று காலி, மற்றொன்று நிறைய ஈயம், திறக்காமல் எது எது என்று எப்படிச் சொல்வாய்? ஐந்து மதிப்பெண். “இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன்” என்று ஒரே வரி எழுதியிருந்தாலும் குறைந்தது நான்கு மதிப்பெண்ணாவது போடுங்கள்.